மூடி எண்ணின கணக்கு

எங்கள் வீட்டில் எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது பீர் பாட்டில் மூடிகள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் யாங்கோனில் இருக்கிறோம். என் வீட்டுக்காரரின் தாத்தா காலத்திலேயே இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் மாமனார், நாங்கள் இரண்டு பேர், ஒன்பது வயதுப் பையன்.

2020 மார்ச் 23 ராத்திரி, மியன்மாரில் முதல் இரண்டு பேருக்குக் கொரோனா என்று அறிவித்தார்கள். சீக்கிரமே டீக்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் பார்சல் மட்டும் என்றானது. யாங்கோனில் டீக்கடை என்றால் வெறும் டீ இல்லை. சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, மேஜைமேல் இருக்கிற ஃப்ளாஸ்க்கிலிருந்து சும்மா கிடைக்கிற சீனா டீயை ஊற்றிக்கொண்டு, இரண்டு மணிநேரம் ஊர்க்கதை பேசுவது. மாமனாருக்கு அதுதான் உலகம். ஒரு நாளைக்கு இரண்டு முறை 'சோ செய்ன்', அதாவது நல்ல இனிப்பாய்க் கெட்டிப்பால் போட்ட டீ. என் வீட்டுக்காரருக்கு வாரத்தில் நாலு சாயங்காலம் பீர் ஸ்டேஷன்.

ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழாவும் இல்லை, நம் சித்திரை முதல் நாளுக்குக் கோயில் கூட்டமும் இல்லை. 18ஆம் தேதியிலிருந்து இரவு பத்து மணிக்குமேல் ஊரடங்கு. பொழுது போகாமல் வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்தேன். பீர் ஸ்டேஷன், கூடவே கடிக்கிறதுக்கு ஏதாவது, டாக்சி எல்லாம் சேர்த்து ஒரு சாயங்காலத்துக்கு 6,000 சாட். மாசத்துக்கு 96,000. மாமனார் டீ 30,000. இங்கே லட்சத்தை 'தெயின்' என்பார்கள். மாசம் ஒரு தெயினுக்குமேல் குடிப்பதற்கே போயிருக்கிறது! அந்த மாசம் அது அப்படியே மிச்சம். "பாத்தீங்களா, கொரோனா நமக்கு நல்லது பண்ணிருக்கு"ன்னு சிரித்தேன்.

அவசரப்பட்டுச் சிரித்துவிட்டேன்.

செப்டம்பரில் இரண்டாவது அலை வந்தது. வீட்டைவிட்டு வரக்கூடாது, சாமான் வாங்க வீட்டுக்கு ஒருத்தர்தான் போகலாம் என்று உத்தரவு. போகிறவர் இவர். அரிசி, எண்ணெயோடு ஒரு பெட்டி பீரும் வந்தது. பன்னிரண்டு பெரிய பாட்டில். "பெட்டியா வாங்கினா விலை கம்மிம்மா. கடையில குடிக்கிறதுல பாதிகூட ஆகாது"ன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

ஆனால் கடைக்கு ஒரு கதவு உண்டு, மூடுகிற நேரம் உண்டு. கூட வந்த நண்பர் "போலாம்ப்பா" என்று எழுந்திருப்பார். வீட்டு ஃப்ரிட்ஜ் மூடுவதே இல்லை. ஏழு மணிக்குத் தொடங்கியது ஐந்தானது, அப்புறம் நாலானது. ஒரு பெட்டி பத்து நாள் வந்தது, பிறகு ஐந்தே நாளில் தீர்ந்தது. பெட்டி 21,600 சாட். அக்டோபரில் ஆறு பெட்டி, 1,29,600. பீர் ஸ்டேஷனைவிட அதிகம்! மளிகை பில்லுக்குள் ஒளிந்திருந்ததால் என் கண்ணில் படவே இல்லை.

பட்டது பையன் கண்ணில்தான். பள்ளிக்கூடம் இல்லாததால் நான்தான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் தரையில் மூடிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். "அம்மா, எட்டு வரிசை, ஒரு வரிசைக்கு ஒன்பது. எட்டொன்பது எழுபத்திரண்டு, கரெக்டா வருது! போன மாசம் முப்பத்தாறுதான்." அப்புறம் அப்பாவைப் பார்த்துக் கேட்டான்: "அடுத்த மாசம் நூறு வருமாப்பா?"

அவன் குறை சொல்லவில்லை. நிஜமாகவே ஆசையாகத்தான் கேட்டான். இவர் பதில் சொல்லாமல் பால்கனிக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி நான் சண்டை போடவில்லை. கணக்கு மட்டும் போட்டோம். 640 மில்லி பாட்டில், 5 சதவீத பீர் என்றால் அதில் சுமார் 25 கிராம் சாராயம் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு பாட்டிலுக்குமேல். "பீர்தானே" என்று நாங்கள் நினைத்தது ஐம்பது கிராமைத் தாண்டி நின்றது.

எனக்கு உடனே எல்லாவற்றையும் கொட்டிவிடத்தான் தோன்றியது. ஆனால் ஊரில் நடந்தது ஞாபகம் வந்தது. தமிழ்நாட்டில் மார்ச் 24இல் மூடின டாஸ்மாக் கடைகள் மே 7இல்தான் திறந்தன. மூடின மூன்றாம் நாளே என் சின்ன மாமாவுக்குக் கை நடுக்கம், வியர்வை, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று உளறல். ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் பிழைத்தார். தினமும் நிறையக் குடிக்கிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் பாட்டிலை ஒளித்துவைக்காதீர்கள், முதலில் டாக்டரிடம் பேசுங்கள். ஆந்திராவில் குரிச்சேடு என்ற ஊரில் அந்த ஆண்டு கடை மூடியிருந்தபோது சானிடைசரைக் குடித்துப் பத்துப் பேருக்குமேல் இறந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் மார்ச் கடைசியிலிருந்து மே முடியும்வரை மது விற்கவே தடை. ஜூலையில் மறுபடியும் தடை. அரசாங்கம் கடையை மூடலாம். வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை நாம்தான் பார்க்கவேண்டும்.

இவருக்கு நடுக்கம் அது இது எதுவும் இல்லை. அப்படியும் போனில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் படிப்படியாகக் குறைத்தோம். நாங்கள் செய்தது பெரிய வித்தை இல்லை. பெட்டி வாங்குவதில்லை, வாரத்துக்கு எத்தனையோ அத்தனை பாட்டில் மட்டும். பையன் தூங்கின பிறகுதான் திறக்கவேண்டும். மளிகைக் கணக்கு தனி, குடிக்கிற கணக்கு தனி. அதை எழுதுவது நான் இல்லை, அவரே. மிச்சமாகிற காசு பிஸ்கட் டின்னுக்குள்.

நாலு மணி ஆனால் கை சும்மா இருக்காதே, அதற்கு மாமனார் வழி சொன்னார். டீத்தூளைக் கருக்கக் கொதிக்கவிட்டுக் கெட்டிப்பால் ஊற்றி 'சோ செய்ன்' போட இவருக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் வாயில் வைக்க முடியவில்லை. "கடையில இத குடுத்திருந்தா காசு குடுக்கமாட்டேன்"னு அப்பா சொல்ல, பிள்ளை சிரிக்க, பால்கனியில் இரண்டு ஸ்டூல் போட்டாயிற்று. அப்பாவும் பிள்ளையும் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததே இல்லை.

நவம்பரில் மூடி பத்தொன்பது. பூஜ்யம் ஆகவில்லை. நடுவில் ஒரு வாரம் சறுக்கவும் செய்தது. அதையும் அவரே நோட்டில் எழுதினார்.

பையனுக்குத்தான் வருத்தம். "பத்தொன்பது எந்த வாய்ப்பாட்டுலயும் வரமாட்டேங்குதும்மா"ன்னான்.

"அப்ப புளியங்கொட்டை வெச்சுப் படிக்கலாம்"னு இவர் எழுந்து அடுப்படிக்குப் போனார்.