சாஞ்சியின் கல்வேலி

சென்னைக்கும் தில்லிக்கும் இடையே கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் போய்வரும் நம்மவர்களுள் பலர் சாஞ்சியைக் கண்டிருப்பர்; இறங்கியவர் சிலரே. போபாலைக் கடந்து வடக்கே செல்லும் வண்டி விதிஷாவை நெருங்குமுன், பாதையின் அருகே ஒரு சிறு குன்று தோன்றும். அதன் உச்சியில் கவிழ்த்து வைத்த பாத்திரம்போல் ஒரு கட்டடம். புளிசாதப் பொட்டலத்தை அவிழ்த்து முடிப்பதற்குள் அது மறைந்துவிடும்.

மார்கழி விடுமுறை ஒன்றில் நாம் குடும்பத்துடன் போபாலில் இறங்கி, 46 கிலோமீட்டர் அளவு சாலைவழி சென்று, அக்குன்றின்மேல் ஏறினோம்.

பெரிய ஸ்தூபம் ஏறத்தாழ 36 மீட்டர் விட்டமும் 16 மீட்டர் உயரமும் உடையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் செங்கல்லால் எழுப்பியதை, அடுத்த நூற்றாண்டில் கல் போர்த்துப் பெரிதாக்கினர். நான்கு திசைகளிலும் நிற்கும் தோரண வாயில்கள் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றுள் தெற்கு வாயிலின் சிற்ப வேலையைச் செய்தவர்கள் விதிஷா நகரத்துத் தந்த வேலைக்காரர்கள் என்று அங்கேயே பொறித்திருக்கின்றது. யானைத் தந்தத்தில் பழகிய கை கல்லிலும் அதே நுணுக்கத்தைக் காட்டியிருப்பதில் வியப்பில்லை. புத்தரை மனித உருவில் காட்டாது, திருவடி, சக்கரம், போதிமரம் ஆகியவற்றாலேயே குறித்துள்ளனர்.

காண வருவோர் பெரும்பாலும் இத்தோரணங்களின்முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். நம்மைக் கேட்டால், அவற்றைவிட அருமையானது ஸ்தூபத்தைச் சுற்றியுள்ள கல்வேலிதான். ஓர் ஆளைவிட உயரமான அவ்வேலியில் சிற்பம் ஏதுமில்லை. தச்சர் மரத்தைத் துளையிட்டுப் பொருத்துவதுபோலக் கல்லைப் பொருத்தியிருக்கின்றனர். ஆனால் உற்று நோக்கினால், தூண்களிலும் குறுக்குக் கற்களிலும் சிறு சிறு வரிகள் தென்படும். ஒவ்வொரு கல்லையும் அளித்தவரின் பெயர் அது. பிக்குணிகள், இல்லத்தரசியர், வணிகர், நெசவாளர் எனப் பல நிலையினர் அளித்திருக்கின்றனர். அரச எழுத்தர் ஒருவரும் அவர்களுள் உண்டு. சர்க்கார் காகிதங்களோடு காலங்கழிக்கும் நமக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி! உஜ்ஜயினி முதலிய பல ஊர்களிலிருந்து வந்த அவர்களுள் பலர், பெயரோடு ஊர்ப்பெயரையும் சேர்த்தே பொறித்திருக்கின்றனர். பெயருக்கு முன் ஊரின் முதலெழுத்தை இடும் நமக்கு இது புதிதன்று.

இவ்வெளியோரின் வரிகள் செய்த உதவி பெரிது. பிராமி எழுத்தைப் படிப்பார் இன்றி, பல நூற்றாண்டுகள் அது ஊமையாகவே கிடந்தது. தில்லி பிரோஸ் ஷா கோட்லாவிலுள்ள அசோகர் தூணின் எழுத்தும் அவ்வாறே கிடந்தது. கல்கத்தா நாணயசாலையில் பணிபுரிந்த ஜேம்ஸ் பிரின்ஸெப் என்பவர் அதனோடு பல ஆண்டுகள் போராடினார். 1837ஆம் ஆண்டில் சாஞ்சி வரிகளின் படிகள் அவர் கைக்கு வந்தன. அவை தனித்தனிக் கற்களில் உள்ள குறுவரிகள். ஏறக்குறைய எல்லாமே ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தன. கோயிலில் இவ்வாறு கல்தோறும் பொறிப்பது கொடையையே குறிக்கும் என ஊகித்து, அச்சொல்லை ‘தானம்’ என்று படித்தார். அதன் முன் நின்ற எழுத்து ‘இன்னாருடைய’ எனப் பொருள்தரும் ‘ஸ’ என்பது விளங்கிற்று. பின்னர் மற்ற எழுத்துகளும் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. அசோகரின் சாசனங்கள் பேசத் தொடங்கின. உழைப்பால் உடல் நலிந்த பிரின்ஸெப் 1840இல், நாற்பதாவது வயதில் காலமானார். மதுரைக்கருகே மாங்குளம் குகையிலும் பிறவிடங்களிலும் உள்ள பழைய எழுத்துகள் தமிழே என்று 1924இல் கே. வி. சுப்பிரமணிய அய்யர் எடுத்துக்காட்டியதற்கும் இத்திறவுகோலே துணைநின்றது.

அசோகரே நாட்டிய தூணின் அடித்துண்டு தெற்கு வாயிலருகே நிற்கின்றது. கரும்பாலைக்கு உதவுமென்று யாரோ ஒரு ஜமீன்தார் அதை உடைத்ததாகச் சொல்கின்றனர். 1822இல் முறையின்றி அகழ்ந்ததால் ஸ்தூபத்தின் ஒரு பக்கமும் சரிந்திருந்தது. 1912 முதல் 1919 வரை ஜான் மார்ஷல் அதைச் சீர்படுத்தியதால்தான் இன்று முழுமையாகக் காண்கின்றோம்.

செல்லும் நேயர்கள் காலை வேளையிலேயே குன்றேறுவது நலம். உச்சிவெயிலில் அச்சிறு எழுத்துகள் கல்லோடு கல்லாகிவிடுகின்றன. சாய்ந்து விழும் இளவெயிலில்தான் கீறல்களில் நிழல் படிந்து ஒவ்வொரு வரியும் தெளிவாக எழுந்து நிற்கும். வரியின் கடைசியிலுள்ள இரண்டு எழுத்துகளை முதலில் தேடுங்கள். எம் இளைய மகள் கால்மணி நேரத்தில் பதினொரு தானங்களை எண்ணிவிட்டாள்.