வண்டி முனகியது ஏன்?

பழைய மோட்டார் வண்டி ஒன்று வீட்டில் இருப்பதென்பது வயது முதிர்ந்த உறவினர் ஒருவர் உடனிருப்பதைப் போன்றது. அவருடைய இருமலும் செருமலும் வீட்டாருக்கு நன்கு பழகியவை. ஒருநாள் அந்த இருமல் வேறுவிதமாக ஒலிக்குமாயின், அதனை முதலில் அறிபவர்களும் வீட்டாரே. எமது மொறிஸ் மைனர் வண்டியின் விடயத்தில் அம்மாவே அதனை முதலில் அறிந்தார்.

"தம்பி, கொப்பரின்ர காரின்ர சத்தம் இது இல்லை" என்றார் அவர்.

எமது தந்தையார் உயிரோடிருந்த காலத்தில் ஒழுங்கை முடக்கில் வண்டி திரும்பும் ஒலியைக் கேட்டே அடுப்பிற் கேத்திலை வைத்தவர் அம்மா. அவருடைய காதை நாம் எவ்வாறு சந்தேகிக்கலாம்?

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமானது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இவ்வண்டி பத்து இலட்சத்துக்கும் மேலாக உற்பத்தி செய்யப்பட்டது. எமது குடாநாட்டிலோ இது வண்டி மட்டுமன்று, வாழ்ந்த சரித்திரமுமாகும். 1990களில் பெற்றோல் கிடைக்காதிருந்தபோது, மண்ணெண்ணெயைக் குடித்து, புகையைக் கக்கி, நோயாளரையும் மணமக்களையும் சுமந்தோடிய வண்டிகளுள் இதுவும் ஒன்று. எம்முடையது 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினைக் கொண்டது.

அதன் பின்புற வில்கள் காலப்போக்கில் தளர்ந்து, வளைவு குன்றிப் படுத்துவிட்டன. மாதந்தோறும் நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாண நகருக்குக் கிளினிக் செல்லும் அம்மா, பள்ளந்தோறும் முதுகு நோவதாகச் சொன்னார். ஆதலால் நகர்ப்புறத்துக் கராச்சு ஒன்றிலே தகடுகள் கூடிய புதிய வில்களைப் பொருத்துவித்தோம். வண்டியின் பின்புறம் நிமிர்ந்தது. பள்ளங்களின் அடியும் குறைந்தது. ஆனால் வல்லை வெளியிலே வேகம் மணிக்கு 60 கிலோமீற்றரைத் தாண்டியதும், இருக்கையின் அடியிலிருந்து தாழ்ந்த குரலில் ஒரு முனகல் எழுந்தது. கதவுக் கைப்பிடியும் உடன் நடுங்கிற்று.

வண்டியை மீண்டும் அதே கராச்சுக்குக் கொண்டு சென்றோம். "டிபரென்சலின் பல்லுகள் தேய்ந்துவிட்டன; முழுவதையும் மாற்ற வேண்டும்" என்று தீர்ப்பளித்தார்கள். அவர்கள் சொன்ன தொகை எம்மைத் திடுக்கிடச் செய்தது. அம்மாவின் கண்ணில் வில்லை வைப்பதற்கென நாம் சேர்த்திருந்த பணம் ஏறக்குறைய அவ்வளவே. கண்ணா, காரா? இதனை வீட்டில் எவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆயினும் அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாட் காலை, கராச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் சாவியை எடுக்கவுமில்லை, சுத்தியலைத் தேடவுமில்லை. ஒரு கேள்வியை மாத்திரம் கேட்டார்.

"கடைசியாகக் கை வைத்த இடம் எது, தம்பி?"

"பின் வில்."

"அப்படியெண்டால் அங்கேயிருந்து தொடங்குவம். ஆனால் முதலில் காது, பிறகுதான் கை."

வாசகர்களுக்கும் பயன்படுமென்பதால், அவர் கற்பித்த செவிப்பரீட்சையை இங்கு தருகின்றோம்.

முதலாவது, ஒலி எஞ்சினைச் சார்ந்ததா, ஓட்டத்தைச் சார்ந்ததா என அறிதல் வேண்டும். வாகன நெருக்கமற்ற நேரான பாதையில் ஒரே வேகத்தில் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் ஓட்டிப் பார்க்கலாம். எஞ்சினின் சுழற்சி இரண்டிலும் வேறுபடும். சக்கரத்தின் சுழற்சியோ மாறாது. எமது முனகல் இரு கியரிலும் ஒரே வேகத்திலேயே எழுந்தது. ஆகவே எஞ்சின் குற்றவாளியன்று.

இரண்டாவது, அக்சிலேற்றரை மிதித்தபோதும் விட்டபோதும் ஒலி மாறுகின்றதா என்பது. தேய்ந்த பல்லுகள் பெரும்பாலும் மிதிக்கும்போது ஒரு குரலிலும் விடும்போது வேறொரு குரலிலும் ஊளையிடும். எமது முனகலில் பெரிய மாற்றம் இல்லை.

மூன்றாவது, வளைவுகளிற் கவனித்தல். வண்டி இடப்பக்கம் திரும்புகையில் பாரம் வலப்பக்கச் சக்கரத்தின் மீது சாயும். அப்போது உறுமல் கூடுமாயின் அப்பக்கத்துப் பெயரிங்கை ஐயுற வேண்டும். எமது வண்டியில் அதுவும் நிகழவில்லை.

நான்காவது, பாதையின் தரை மாறும்போது ஒலியும் மாறுமாயின் அது ரயரின் ஓசை. ஐந்தாவது, வண்டி புறப்படும்போது "டக்" எனத் தட்டுமாயின், தேய்ந்த மூட்டோ தளர்ந்த யூ ஆணியோ காரணமாகலாம். வில் மாற்றியபின் புகைக்குழாய் அச்சிலோ உடலிலோ முட்டுகின்றதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

இவை யாவும் முடிந்தபின் முதியவர், "பின்னாலே மூன்று பேர் ஏறுங்கோ" என்றார். பக்கத்து வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு வல்லை வெளிவரை மீண்டும் சென்றோம். என்ன அதிசயம்! பாரம் ஏறியதும் முனகல் தணிந்துவிட்டது.

"பல்லு தேய்ந்திருந்தால் பாரத்துக்குக் கூடக் கத்தும். இது குறையுது. இது தேய்மானமில்லை, கோணம்" என்றார் அவர்.

கோணம் என்ற சொல்லைக் கேட்டதும், உயர்தர வகுப்பில் கணிதம் பயிலும் எமது மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சக்தியைக் கொண்டு செல்வது நீண்ட உந்துதண்டு. அதன் இரு முனையிலும் சிலுவை வடிவான மூட்டுகள் உள்ளன. அச்சு வில்லோடு ஏறியிறங்கும்போது தண்டு வளைந்து கொடுப்பது இம்மூட்டுகளாலேயே. இதனை விஞ்ஞானிகள் ஊக்கின் மூட்டு என்பர். பாடசாலையில் வில்லின் நீட்சி பற்றி "ஊக்கின் விதி" படிக்கின்றோமல்லவா? 1678இல் அவ்விதியை விளக்கி வெளியிட்ட றொபேட் ஊக் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானியே இம்மூட்டையும் ஆராய்ந்தவர். எமது வண்டியில் அவருடைய வில்லும் அவருடைய மூட்டும் ஒன்றோடொன்று பிணங்கிக்கொண்டிருந்தன!

இம்மூட்டில் ஒரு குறை உண்டு. அது மடங்கி நிற்கும்போது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தாமதிக்கும். மடிப்பு 3 பாகையாயின் ஏற்றத்தாழ்வு மிகச் சொற்பம். 7 பாகையாயின், கூடுதலும் குறைவும் ஏறத்தாழ நூற்றுக்கு முக்கால் பங்கு. அதாவது முன்னதைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். இக்குறையை நீக்கவே இரண்டு மூட்டுகள் வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் சம கோணத்தில் மடங்கினால், முதல் மூட்டுச் செய்த குழப்பத்தை இரண்டாவது மூட்டு நேராக்கிவிடும். சமமில்லையேல் மீதியான குழப்பம் அதிர்வாக வண்டியுடலில் ஏறும்.

எமது வண்டி மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது சக்கரம் விநாடிக்கு 9 அல்லது 10 முறை சுழலும். உந்துதண்டு அதைப்போல் 4.22 மடங்கு, அதாவது ஏறத்தாழ 40 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு இருமுறை என்றால் விநாடிக்கு 80 அதிர்வுகள்: தாழ்ந்த முனகல். டிபரென்சலின் சிறுசக்கரத்திற்கு 9 பல்லுகள். அதன் குரல் விநாடிக்கு ஏறத்தாழ 360 அதிர்வுகள்: உயர்ந்த ஊளை. அம்மா கேட்டது முனகலையேயன்றி ஊளையை அன்று.

இனி அளவு. வண்டியை முதியவரின் வளவிலிருந்த குழியின்மேல் நிறுத்தினோம். நான்கு சக்கரமும் தரையில் நிற்க வேண்டும். யக்கினால் உயர்த்தி அச்சைத் தொங்கவிட்டு அளந்தால் கோணம் பொய் சொல்லும். யக்கை மட்டும் நம்பி வண்டியின்கீழ் நுழைவதோ உயிருக்கே ஆபத்து. மகள் தன் கொம்பாஸ் பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்து, அதன் மையத்தில் நூல் கட்டி, நூலின் நுனியில் ஓர் ஆணிச்சுரையைத் தொங்கவிட்டாள். எஞ்சினின் முன்னுள்ள கப்பியின் முகம், உந்துதண்டின் உடல், டிபரென்சலின் முன்தட்டு ஆகிய மூன்றிலும் மும்மூன்று முறை அளந்தாள்.

எஞ்சினும் கியர்பெட்டியும் பின்னோக்கி 3 பாகை சரிந்திருந்தன. தண்டு 6 பாகை சரிந்திருந்தது. ஆகவே முன்மூட்டின் மடிப்பு 3 பாகை. டிபரென்சலும் எஞ்சினைப் போல் 3 பாகை சரிந்திருக்க வேண்டும். அதன் மூக்கோ எதிர்ப்பக்கமாக 1 பாகை கீழே கவிழ்ந்திருந்தது. ஆகவே பின்மூட்டின் மடிப்பு 7 பாகை. மூன்றும் ஏழும் எவ்வாறு ஒன்றையொன்று சமன்செய்யும்? மூவர் ஏறியபோது வண்டி தாழ்ந்து, தண்டின் சரிவு குறைந்தமையாலேயே முனகலும் தணிந்தது.

காரணமும் விரைவில் வெளிப்பட்டது. புதிய வில்லின் வளைவு மூக்கை 2 பாகை கவிழ்த்திருக்கின்றது. அதனை நிமிர்த்தவே கராச்சுக்காரர் அச்சுக்கும் வில்லுக்கும் இடையே, ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்த ஆப்புத்தகடுகளை வைத்திருக்கின்றார். எண்ணம் நல்லதே. ஆனால் தகடுகளை முன்பின்னாக மாற்றி வைத்துவிட்டார்! நிமிர்த்த வேண்டிய 2 பாகை, கவிழ்க்கும் 2 பாகையாகி, பிழை நான்காக வளர்ந்துவிட்டது.

யூ ஆணிகளைத் தளர்த்தி, தகடுகளைத் திருப்பி வைத்து, வண்டியின் பாரம் சக்கரங்களில் நிற்க ஆணிகளைச் சிறிது சிறிதாக மாறிமாறி இறுக்கினோம். மகள் மீண்டும் அளந்தாள். இரு மூட்டுகளிலும் ஏறத்தாழ 3 பாகை. புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. சென்றது அரைநாள் உழைப்பு மாத்திரமே. முதியவர் பணம் வாங்க மறுத்தார். சில நாள் ஓட்டியபின் ஆணிகளை மறுபடி இறுக்கிப் பார்க்குமாறு மாத்திரம் கட்டளையிட்டார்.

ஓர் எச்சரிக்கையும் கூறுவோம். எல்லா ஒலியும் இவ்வாறு மலிவாகத் தீர்ந்துவிடுவதில்லை. தட்டலும் நடுக்கமும் ஒருங்கே வந்தாலோ, டிபரென்சலில் எண்ணெய் கசிந்தாலோ, மூட்டைக் கையால் அசைக்கும்போது ஆட்டம் தென்பட்டாலோ வண்டியை ஓட்டாது நிறுத்திவிட வேண்டும். ஓட்டத்தில் மூட்டு உடைந்து தண்டு கழன்று விழுந்தால் நேரக்கூடிய விபரீதத்தைச் சொல்லவும் வேண்டுமோ? ஆனால் ஒரு பாகத்தை மாற்றச் சொல்லும் எவரிடமும், "அதுதான் குற்றவாளி என்பதை எவ்வாறு அறிந்தீர்கள்?" என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. கேட்காதிருந்தால் புதிய டிபரென்சலோடும் எமது வண்டி முனகிக்கொண்டே ஓடியிருக்கும்.

அம்மாவுக்குக் கண்ணில் வில்லை வைத்தாயிற்று. கட்டவிழ்த்த மறுவாரம் அவரை வீட்டில் விட்டுவிட்டு நாம் சந்தைக்குப் போய்த் திரும்பினோம். ஒழுங்கை முடக்கால் திரும்பி வாசலில் வண்டியை நிறுத்தியபோது குசினியிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தோம். அடுப்பிற் கேத்தில் ஏறியிருந்தது.