வாத்தியார் பொறுக்கிய கற்கள்

சீனத்தில் ஒரு சேந்தமங்கலத்தான் – 9

அக்டோபர் 1 சீனாவின் தேசிய நாள். அதையொட்டி ஒரு வாரம் விடுமுறை. நாடே ரயிலேறிவிடும். குவாங்சோவில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் எனக்கும் அதுதான் ஓய்வு. கூட வேலை பார்ப்பவர்கள் பெருஞ்சுவர் பார்க்கப் பெய்ஜிங்குக்குப் புறப்பட, நான் ஃபூஜியன் மாகாணத்துக் கடலோர ஊரான சுவான்சோவுக்குச் சீட்டு எடுத்தேன்.

ரயில் நிலையத்தில் சீனர்கள் அடையாள அட்டையை வைத்ததும் கதவு திறக்கிறது. பாஸ்போர்ட் வைத்திருப்பவன் ஓரத்தில் ஆள் நிற்கும் வாசலைத் தேடிப் போகவேண்டும். பதிவு செய்திருந்த சின்ன விடுதியிலோ வெளிநாட்டுக்காரனைப் பார்த்ததும் கையைப் பிசைந்தார்கள். தங்குகிறவனின் விவரத்தைப் போலீசில் பதிய வேண்டும். அது எப்படி என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. வரவேற்பறைப் பெண் என்னைத் தன் மின்ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றி, அடுத்த தெரு விடுதியில் சேர்த்துவிட்டுப் போனாள். தெருவோரம் பூ விற்கும் பாட்டிகூடக் காசைத் தொடுவதில்லை. கழுத்தில் க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஷுன்பூ என்ற மீனவர் பகுதிப் பெண்களைப் போலக் கொண்டையைச் சுற்றி வட்டவட்டமாகப் பூ வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வெளியூர்ப் பெண்கள் கூட்டமாக வருகிறார்கள்.

நாமக்கல் பக்கத்துக்காரன் முட்டையைக் கண்டால் விடுவானா? ஒரு கடையில் முட்டை ஊற்றுவதைப் பார்த்து உட்கார்ந்தேன். வந்தது சிப்பி ஆம்லெட். சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் கடல் சிப்பியின் சதையைக் கலந்து, மேலே முட்டையை ஊற்றிப் பொரிக்கிறார்கள். வெந்த ஜவ்வரிசி மாதிரி வழவழப்பு. மரவள்ளிக்காட்டு நாக்குக்கு அது உடனே பழகிவிட்டது.

மறுநாள் கையுவான் கோயில். 686-இல் தொடங்கிய புத்த கோயில். முன்னால் 13-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இரண்டு கற்கோபுரங்கள். எல்லாரும் அவற்றின் முன் நின்று படமெடுக்க, நான் பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போனேன். அங்கே இரண்டு கல் தூண்கள். வட்டத்துக்குள் செதுக்கிய உருவங்கள். ஒன்றில் கண்ணன். இன்னொன்றில், மடியில் கிடத்தியவனைக் கிழிக்கும் நரசிம்மர். நாமக்கல் குடைவரையில் இரணிய வதத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு விளக்கப் பலகை தேவைப்படவில்லை. வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். "சீனாக்காரன் கோயில்ல நம்ம சாமி எப்படிடா கண்ணு வந்தாரு?" என்றார்.

கப்பலில் வந்தார். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் சைத்தூன் என்று எழுதிய பெருந்துறைமுகம் இதுதான். தமிழ் வணிகர்கள் இங்கே தங்கித் தொழில் செய்தார்கள். 1281-இல், குப்ளாய் கான் ஆண்ட காலத்தில், சம்பந்தப் பெருமாள் என்பவர் இங்கே சிவனை எழுந்தருளச் செய்தார். அதைச் சொல்லும் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. கடைசியில் சில சீன எழுத்துகள். மன்னரின் அனுமதியோடு, அவர் நலத்துக்காகவே செய்ததாக வெட்டிவைத்தார்கள். வெளியூரில் பிழைக்கப் போனவர்களுக்கு அன்றைக்கும் அனுமதிச்சீட்டு முக்கியம்!

14-ஆம் நூற்றாண்டில் கலகம் மூண்டது. மங்கோலிய ஆட்சியும் கவிழ்ந்தது. வணிகர்கள் கலைந்தார்கள், கோயில் அழிந்தது. கற்களை மட்டும் ஊர் வீணாக்கவில்லை. சில புத்த கோயிலுக்குத் தூணாயின; பல மதில்சுவருக்குள் போயின.

இருபதாம் நூற்றாண்டில் அந்த மதிலை இடித்தபோது கற்கள் வெளியே வந்தன. அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தவர் தொல்லியல் அதிகாரி அல்ல. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஊ வென்லியாங். தமிழ் எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் சேர்த்தார், படமெடுத்தார், 1957-இல் சுவான்சோவின் சமயக் கற்களைப் பற்றிப் புத்தகமே போட்டார். இன்று அந்த ஊரின் கடல்சார் அருங்காட்சியகத்தில் நம் கற்களை நின்று பார்க்க முடிகிறதென்றால், அதில் அவருடைய உழைப்பு பெரிது. 2021-இல் யுனெஸ்கோ சுவான்சோவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அவரும் வாத்தியார், நானும் வாத்தியார். அவர் தனக்குப் புரியாத மொழிக் கல்லைக் காப்பாற்றினார். நமக்குப் புரியும் மொழிக் கற்கள் நம் ஊர்களில் துணி துவைக்கவும் மாடு கட்டவும் கிடக்கின்றன. சேந்தமங்கலம், ராசிபுரம், கொல்லிமலைப் பக்கம் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த விடுமுறையில் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஊரை ஒரு சுற்று வாருங்கள். எழுத்தோ உருவமோ இருக்கும் கல் கண்ணில் பட்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். சுண்ணாம்பு மட்டும் அடித்துவிடாதீர்கள்.

(தொடரும்)