கம்பிக்கு முன்பே துருப்பிடிக்கும் ஏணி

கடலோர ஊர்களில் மாடிவீட்டு சன்ஷேடுக்கு அடியில் பழுப்பாக ஒரு கோடு தெரியும். அடுத்து அங்கே வெடிப்பு விழும். பிறகு கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்ந்து கம்பி வெளியே வரும். கோடு கண்ணில் படுவதற்கு வெகுகாலம் முன்பே உள்ளே துரு வேலையைத் தொடங்கியிருக்கும்.

நல்ல கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காது. சிமெண்டின் காரத்தன்மை (பி.எச். 12.5க்கு மேல்) கம்பியின்மீது மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கிக் காக்கிறது. கடல் உப்பின் குளோரைடு, நுண்துளைகள் வழியே இறங்கிப் போதிய அளவில் கம்பியைச் சேர்ந்ததும் படலம் அங்கங்கே உடைகிறது. கரியமில வாயு புகுந்து காரத்தைக் குறைத்தாலும் இதே கதிதான். துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் வெடிப்பது அதனால்தான்.

உப்பு இப்போது எந்த ஆழத்தில் இருக்கிறது? உடைக்காமலே இதை அறிய ஜெர்மனியின் ஆகென் நகரில் ஷீஸல், ரௌபாக் என்ற ஆய்வாளர்கள் ஒரு கருவியை உருவாக்கினார்கள். சிறிய ஏணி போன்றது அது. படிகள் ஆறும் சாதாரண இரும்புத் துண்டுகள். மேல்படி கான்கிரீட்டின் வெளிப்பரப்பை ஒட்டியும், கீழ்ப்படி கம்பியை நெருங்கியும் இருக்கும்படி, கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே சாய்வாகக் கட்டிவிடுவார்கள். பக்கத்தில் துருப்பிடிக்காத உலோகத்தில் ஒரு மின்முனை. ஒவ்வொரு படியிலிருந்தும் வயர் வெளியே ஒரு பெட்டிக்கு வரும்.

படலம் உடையாதவரை படிக்கும் மின்முனைக்கும் இடையே மின்னோட்டம் அநேகமாக இராது. உப்பு முதல் படியைத் தாக்கியதும் அது துருப்பிடிக்கத் தொடங்கும். மைக்ரோ ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் எழும். சில வருடம் கழித்து இரண்டாம் படி. கம்பியைப் போன்ற இரும்பிலேயே படிகளையும் செய்வதுதான் இதன் சூட்சுமம். டென்மார்க்கின் கிரேட் பெல்ட் கடல் இணைப்பில் இந்த ஏணிகளைப் பதித்திருக்கிறார்கள்.

இதில் கிடைப்பது அவகாசம். உப்பு இறங்கும் ஆழம், தோராயமாகக் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளர்கிறது. 2 செ.மீ. ஆழத்துப் படியை 10 ஆண்டில் தாக்கினால், 4 செ.மீ. ஆழத்துக் கம்பியை எட்ட மொத்தம் 40 ஆண்டு ஆகும். மீதி 30 ஆண்டுக்குள் மேற்பூச்சோ மின்முறைப் பாதுகாப்போ கொடுத்துவிடலாம். வெடித்த பிறகு கொத்தி எடுத்துப் பூசுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கம்பியின் மின்னழுத்தத்தை உள்ளிருந்தே அளக்கும் கருவிகளும் உண்டு. அதற்குக் கான்கிரீட்டுக்குள் காலம் தாங்கும் ஒப்பீட்டு மின்முனை வேண்டும். மாங்கனீசு டை ஆக்சைடில் அதை உருவாக்க உழைத்த ஆய்வகங்களில் நம் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் ஒன்று.

ஏணிக்குத் தன் இடம் மட்டுமே தெரியும். ஆகவே இடத் தேர்வில்தான் பாதி வெற்றி. பாலத் தூணில் அலை தெறித்து நனைந்து காயும் பகுதியே மோசமானது. எப்போதும் மூழ்கியிருக்கும் பகுதியில் ஆக்சிஜன் குறைவு என்பதால் துரு மெதுவாகவே நடக்கும். கான்கிரீட் போடும்போது வைப்ரேட்டர் பட்டு வயர் அறுந்தால் பிறகு சரிசெய்ய வழியில்லை. அந்த நேரத்தில் பொறுப்பானவர் ஒருவர் பக்கத்தில் நின்றே ஆகவேண்டும். வெயில் நாளில் மின்னோட்டம் தானாகவே கூடும். எனவே வெப்பநிலையையும் சேர்த்துக் குறிக்கவேண்டும். அளவெடுக்கும் ஆளுக்கான செலவையும் டெண்டரிலேயே எழுதிவிடவேண்டும் என்பது என் கருத்து.