படித்த நூலைப் பற்றிப் பேசுதல்



கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் இறம்பொடை அருவி தென்பட்டதும், பேருந்தில் இருப்போர் அனைவரும் சன்னல் பக்கம் திரும்புவர். தேயிலைப் பச்சையினூடே வரிசையாகத் தெரியும் லயங்களை நோக்குவோர் சிலரே. அந்த லயங்களிலும் நூல்கள் படிக்கப்பட்டு வந்துள்ளன. படித்தவை பேசப்பட்டும் வந்துள்ளன.

எழுத்தறிந்தவர் மிகச் சிலராய் இருந்த நாட்களில், ஒருவர் விளக்கருகே அமர்ந்து பெரிய எழுத்துப் புத்தகத்தை இராகத்துடன் வாசிப்பார். ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்பர். மகாபாரதமும் அல்லி அரசாணி மாலையும் நல்லதங்காள் கதையும் மலைநாட்டில் இவ்வாறே பரவின. கேட்டவர்கள் வாய் மூடி இருப்பதில்லை. பசித்து வந்த நல்லதங்காளை விரட்டிய அண்ணியை ஒருத்தி ஏசுவாள். தமையன் வீட்டில் இல்லையென்று அறிந்ததும் அவள் ஏன் திரும்பிப் போகவில்லை என்று மற்றொருத்தி கேட்பாள். நூல் விமரிசனம் என்பது இதுவேயன்றி வேறென்ன? அதற்கு அப்படியொரு பெயர் இருப்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

பின்னர், தோட்ட மக்களைப் பற்றியே நூல்கள் எழலாயின. இறம்பொடைக்கு வெகு தொலைவில்லாத பூண்டுலோயாப் பகுதியில், மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914-இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947-இல் தலவாக்கொல்லைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற அவர், கொழுந்து பறிப்போரின் வாழ்வை ஒரு நெடுங்கவிதையாக ஆங்கிலத்தில் எழுதினார். அது 1954-இல் நூலாயிற்று. சக்தீ பால அய்யாவின் தமிழாக்கம் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்னும் பெயரில் 1969-இல் வெளிவந்தது. இடையில் பதினைந்து ஆண்டுகள்! அத்தனை காலமும் ஆங்கிலம் அறிந்தவர்கள் அந்நூலைப் பாராட்டினார்கள். எவரைப் பற்றி அது எழுதப்பட்டதோ அவர்களால் “ஆம், இப்படித்தான்” என்றோ, “இல்லை ஐயா, இது தவறு” என்றோ சொல்ல வழியில்லாதிருந்தது. கவிஞரைக் குறை கூறுவதற்கன்று இது. அவர் குரல் கடல் கடந்து கேட்கவேண்டிய காலம் அது. பிற்காலத்தில் அவரே மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார் என்பதையும் மறத்தலாகாது.

என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ தொகுதி 1980-இல் வந்தது. தலைப்புக் கதையில் ஓர் இளம்பெண் ஒரே நாளில் வழக்கத்துக்கு மீறிய நிறைக்குக் கொழுந்து பறித்துவிடுகிறாள். அது மெய்யா என்ற ஐயத்தைச் சுற்றியே கதை நகர்கிறது. நகரத்து வாசகர் இதை இனிய காதற் கதையாகப் படித்து முடிப்பார். முப்பது ஆண்டு மலையேறிக் கொழுந்தெடுத்த ஒரு தாயிடம் வாசித்துக் காட்டினால் என்ன நேரும்? “எந்த மலை? மழைக்குப் பிந்திய தளிரா, வெயிற்காலத்துக் கொழுந்தா? ஈரத்துக்கும் கூடைக்கும் எத்தனை ராத்தல் கழித்தார்கள்?” என்று வினவுவாள். நிறை குறைந்தால் அரைப்பேர் விழும் என்பதை உடம்பால் அறிந்தவள் அவள். அவ்வினாக்களோடு படிக்கும்போது, கதையில் வரும் சந்தேகத்தின் கொடுமை நமக்கு இன்னும் தெளிவாக விளங்கும். இலக்கியம் கற்ற ஆசிரியர் காட்ட இயலாத இடத்தை அவள் காட்டிவிடுகிறாள்.

இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் உயர்கல்வி பெற்றுள்ளனர். நூல்களும் கிடைக்கின்றன. ஆயினும் அவர்கள் கூடிப் பேசும்போது, “அருமையான நூல்”, “மனத்தைத் தொட்டது” என்ற இரண்டு சொற்களோடு பேச்சு நின்றுவிடுவதைக் காண்கிறோம். அருமை எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அந்தப் பக்கத்தை உரக்கப் படியுங்கள். உடன்படாத இடம் இருந்தால் அதையும் படியுங்கள். ஆசிரியர் பெரியவராயிற்றே என்ற தயக்கம் வேண்டா. அச்சில் வந்துவிட்டதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. முக்கியமாக, வீட்டில் படிக்கத் தெரியாத பாட்டி இருந்தால், கூட்டத்தின் முதல் வரிசையில் அவரை அமர்த்துங்கள்.

தொடங்குவதற்கு ஏற்ற நூல் ஒன்று உண்டு. கோகிலம் சுப்பையா 1964-இல் வெளியிட்ட ‘தூரத்துப் பச்சை’, தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களின் கதையைச் சொல்லும் நாவல். நீண்ட கதைதான், நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம் வாசித்தால் போதும். எந்த ஊரிலிருந்து, எவ்வழியாக வந்தோம் என்று பாட்டி தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டது வேறாக இருக்குமானால், வாசிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.