எலும்புக்கூடுகளின் வாட்போர்: ஓர் அசைவூட்டச் சான்று

'ஸ்டாப் மோஷன்' என வழங்கும் அசைவூட்ட முறையில் பொம்மை ஒருபோதும் தானாக அசைவதில்லை. கலைஞர் அதன் உறுப்பைச் சிறிதளவு நகர்த்தி, கையை விலக்கிக்கொண்டு, ஒரு படச்சட்டத்தைப் பதிவு செய்கிறார். திரையில் நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகையில் நம் கண் அதனை இயக்கமாகக் கொள்கிறது. இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் சான்று, 1963இல் வெளிவந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்' என்னும் கற்பனைத் திரைப்படமாகும்.

கிரேக்கத் தொன்மத்தைத் தழுவிய அப்படத்தில், மண்ணில் விதைத்த பற்களிலிருந்து எழும் 7 எலும்புக்கூடுகள் 3 வீரர்களோடு பொருதுகின்றன. நடிகர்கள் முதலில் சண்டைக் கலைஞர்களோடு ஒத்திகை பார்த்தனர்; பின்னர் அவர்களின்றி வெறுவெளியில் வாள் வீசினர். அப்பதிவைச் சிறு திரையொன்றில் பின்னிருந்து ஒளிவீழ்த்தி, அதன்முன் பொம்மைகளை நிறுத்தி, ரே ஹாரிஹௌசன் அசைவூட்டினார். நடிகரின் வாள் எங்கு வந்து நிற்கிறதோ, அதே படச்சட்டத்தில் பொம்மையின் கேடயமும் அங்கிருந்தாக வேண்டும். சில நிமிடக் காட்சிக்கு நான்கு மாதங்களுக்கு மேலாயிற்று. நாள் முழுதும் உழைத்தும் 13 படச்சட்டங்களே தேறியதுண்டு. திரையில் அஃது அரை நொடிக்குச் சற்றே மிகுதி.

உயிருள்ளவரின் விரைந்த அசைவு படச்சுருளில் சற்றுக் கலங்கிப் பதியும். நின்ற நிலையில் படமாகும் பொம்மைக்கு அக்கலக்கம் இல்லை. ஆதலின் அதன் இயக்கம் வெட்டி வெட்டித் தோன்றும். கணினி வரைகலையின் வரவுக்குப் பின் இதனைக் குறையெனக் கொள்வாருளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. பிணம் மனிதரைப்போல் இயல்பாக நடந்துவருமாயின் அச்சம் எங்ஙனம் பிறக்கும்? முப்பரிமாண அச்சில் வார்த்த முகங்களைக் கையாண்ட 'கொரலைன்' (2009) படத்திலும் பொம்மைகளைப் படச்சட்டந்தோறும் நகர்த்தியது மனிதக் கையே.