எதில் எத்தனை விழுக்காடு?

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில் உள்ள லாபிஸ் நகரைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் இருக்கின்றன. ரப்பர் விற்பவரின் வருமானத்தை எடை மட்டும் முடிவு செய்வதில்லை; விழுக்காடும் முடிவு செய்கிறது.

விழுக்காடு என்றால் நூற்றில் எத்தனை பங்கு என்பது பொருள். பால்மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடுதான் ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலிலும் நீர் உண்டு. ஆகவே, நீர் நீங்கிய பின் கிடைக்கும் உலர் ரப்பரைக் கணக்கிட்டே விலை தரப்படுகிறது.

உலர் ரப்பரின் விழுக்காட்டைக் கண்டறிய, கட்டிப்பாலில் ஒரு சிறு பகுதியை எடுத்து நிறுப்பர். அதிலுள்ள அழுக்கையும் நீரையும் நீக்கி, நன்கு உலர்த்தி, மீண்டும் நிறுப்பர். 200 கிராம் கட்டிப்பால் உலர்ந்தபின் 100 கிராம் இருந்தால், கணக்கு இவ்வாறு அமையும்:

100 ÷ 200 × 100 = 50 விழுக்காடு

ஒருவர் 40 கிலோகிராம் கட்டிப்பால் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 50 விழுக்காடு உலர் ரப்பர் என்றால் 20 கிலோகிராம் ஆகும். ஒரு கிலோகிராம் உலர் ரப்பரின் விலை 6 ரிங்கிட் எனில், அவருக்கு 120 ரிங்கிட் கிடைக்கும். அதே கட்டிப்பாலை வாங்குபவர் கண்ணால் பார்த்து 45 விழுக்காடு என மதித்தால், 18 கிலோகிராமுக்கு 108 ரிங்கிட்தான் கிடைக்கும். விழுக்காடு 50இலிருந்து 45ஆக, அதாவது 5 மட்டுமே குறைந்தது. ஆனால், 120 ரிங்கிட்டில் 12 ரிங்கிட் குறைந்ததால் வருமானம் 10 விழுக்காடு சரிந்துவிட்டது. இதே போல் பத்து முறை விற்றால் இழப்பு 120 ரிங்கிட்; அது ஒரு முழு விற்பனைத் தொகை.

சம்பளச் சீட்டிலும் விழுக்காடு உண்டு. மாதம் 1,700 ரிங்கிட் பெறும் மலேசியத் தொழிலாளரின் சம்பளத்திலிருந்து 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட், ஊழியர் சேமநிதிக்குச் செல்கிறது. முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட் செலுத்த வேண்டும். இதைக் கணக்கிடத் தெரிந்தவர், மாதந்தோறும் 408 ரிங்கிட் தம் கணக்கில் சேர்கிறதா என்று தாமே சரிபார்க்கலாம்.

கடைகளில் காணும் கழிவிலும் கவனம் தேவை. 100 ரிங்கிட் காலணிக்கு 20 விழுக்காடு கழிவு தந்து, பின்னர் மேலும் 10 விழுக்காடு கழித்தால் மொத்தக் கழிவு 30 விழுக்காடு ஆகாது. முதலில் விலை 80 ரிங்கிட் ஆகிறது. இரண்டாவது கழிவு அந்த 80 ரிங்கிட்டில் மட்டுமே கணக்கிடப்படுகிறது. ஆகவே, செலுத்த வேண்டியது 72 ரிங்கிட். மொத்தக் கழிவு 28 விழுக்காடு.

எனவே, ஒரு விழுக்காட்டைக் கேட்டவுடன் “எத்தனை?” என்று அறிவது மட்டும் போதாது; “எதில்?” என்றும் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியே உழைத்துச் சேர்த்த பணத்தைக் காக்கும்.